ஆறாம் மாத ஸ்கேன்

"ஆறாம் மாச ஸ்கேனா?" என்று கேட்டாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். ஆமாம் என்றேன். "பேஷண்டை நல்லா தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பாத்ரூம் போயிரக் கூடாது, முட்டிக்கிட்டு வரும்போது வந்து சொல்லணும்" என்று ஒப்பித்துக்கொண்டே போனவளிடம், "பேஷண்ட் நான்தாம்மா" என்று டாக்டர் எழுதிய சீட்டைத் தள்ளினேன். முத்துமாலை, வயது முப்பத்தேழு, ஆண், விதைப்பை ஸ்கேன், அறுவைக்குப் பின் ஆறாம் மாதம். படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்கு மேடம்தான் இருக்காங்க. சார் சாயங்காலம்தான் வருவாரு. பரவால்லியா?" என்றாள். மேடமே பார்க்கட்டும் என்றேன். ஆறு வருடத்தில் என் பெண்சாதி பேச்சியை எத்தனை ஆண் டாக்டர் பார்த்திருப்பார்கள். ஒரு தடவையாவது ஒருவராவது அவளிடம் பரவாயில்லையா என்று கேட்டதுண்டா. டோக்கன் பத்தொன்பது. கூடத்தில் இருபது முப்பது நாற்காலி, எல்லாவற்றிலும் வயிறு. சின்ன வயிறு, பெரிய வயிறு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாயை ஊதி ஊதி மூச்சு விடுகிற வயிறு. அவரவர் பக்கத்தில் ஒரு ஆண், கையில் ஃபைலோடு. எல்லாரும் என் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, அது காலியாக இருப்பதைப் பார்த்து, உள்ளே போயிருப்பாள் போல என்று தாங்களே ஒரு பெண்சாதியை எனக்குக் கற்பித்துக்கொள்கிறார்கள். கற்பித்துக்கொள்ளட்டும். நான் காலை அகட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மாதமாக எனக்கு அப்படித்தான் உட்கார முடிகிறது. சுருக்கி உட்கார்ந்தால் வலது பக்கம் சுருக்கென்று ஒரு இழுப்பு, துணியில் முள் மாட்டிக்கொண்டால் இழுக்குமே அந்த மாதிரி. கை ஒடிந்தவன் கழுத்தில் தூளி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நடக்கிறான், எல்லாரும் எப்பிடி ஆச்சு என்று கேட்கிறார்கள், அவனும் கதை கதையாகச் சொல்கிறான். எனக்கும் உடம்பில் ஒரு இடத்தில் கீறித் தைத்திருக்கிறார்கள். இடம்தான் வேறு. அந்த இடத்துக்குச் சீட்டில் ஒரு பெயர், பேப்பரில் ஒரு பெயர், நான் பஸ் ஓட்டுகிற டிப்போவில் ஒரு பெயர். டிப்போ பெயரை வைத்துத்தான் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வோம், அது இருக்காலே உனக்கு என்று. இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. அதில்தான் ஆறு மாதத்துக்கு முன் மயக்க மருந்து கொடுத்து, கீறி, உள்ளே நூல்நூலாக இருக்கிற சதையைப் பிரித்துப் பிரித்து, மைக்ராஸ்கோப் வைத்து நாலு மணி நேரம் தேடினார்கள். தானாக வெளியே வருவதில் ஒரு உயிரணுகூட இல்லை, உள்ளே எங்காவது ஒளிந்திருந்தால் எடுத்துவிடலாம் என்றார்கள். இருந்தது. பதினொன்று. "கிரிக்கெட் டீம் சார்" என்றான் லேபில் இருந்தவன், மயக்கம் தெளியாத என் காதருகே குனிந்து. கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. எனக்கு அது போதும் என்று தோன்றியது. அந்தப் பதினொன்றைப் பேச்சியின் கருமுட்டைகளுக்குள் ஊசியால் செலுத்தி, இரண்டு கரு உருவாகி, இரண்டையும் அவளுக்குள் வைத்து, பதினாலாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, இல்லை என்றார்கள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத்தான் வந்தாள்.

இன்றைக்கு நான் வந்தது அதற்கல்ல. இன்றைக்கு வந்தது கருப்புத் திட்டுக்காக. மூன்றாம் மாதம் இதே இடத்தில் எடுத்த ஸ்கேனில் வலது பக்கம் ஒன்பது மில்லிமீட்டருக்கு ஒரு கருப்புத் திட்டு. ஆபரேஷன் செய்த இடத்து ரத்தக்கட்டாக இருக்கலாம், ஆனாலும் வேறு ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்த மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று எழுதியிருந்தது. வேறு ஏதும். அந்த 'வேறு ஏதும்' என்ற இரண்டு சொல்லைப் போனில் தட்டிப் பார்த்தேன். தட்டியிருக்கக் கூடாது. மூன்று மாதமாக ஆலங்குளத்தில், பாவூர்சத்திரத்தில், தென்காசியில், பஸ்ஸை நிறுத்துகிற இடத்திலெல்லாம் அந்த இரண்டு சொல்லும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. கீறியதில் விதை சுருங்கியும் போகலாம் என்றார்கள், ஹார்மோன் குறையலாம் என்றார்கள், குறைந்தும் இருந்தது. அன்றையிலிருந்து சவரம் செய்யும்போது தாடையைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், நேற்று இருந்த சொரசொரப்பு இன்று இருக்கிறதா என்று. இருக்கிறது. இன்னும் அழுத்தித் தடவு, இருக்கிறது. குரல் மாறுகிறதா என்று, குறுக்கே வந்த ஆட்டோக்காரனை வேண்டுமென்றே ஒரு நாள் திட்டிப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் காரம் சாஸ்தியா இருக்கு" என்றார் கண்டக்டர் அருள்ஞானம். அவருக்கு மட்டும் பாதி தெரியும். பாதி தெரிந்ததை வைத்து, "எல்லாம் எஞ்சின் சூடு அண்ணாச்சி, பதினஞ்சு வருசமா அடுப்பு மேல உக்காந்தமாரி உக்காந்திருக்கிய" என்பார். சூடு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். பிறவியிலேயே இருக்கலாம், சின்ன வயதில் வந்த பொன்னுக்குவீங்கியால் இருக்கலாம், காரணமே இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரியாததால் குற்றம் சொல்ல ஆள் இல்லை. ஆள் இல்லாத குற்றம் எங்கே போகும். நேராக ஒரு பொம்பிளை தலையில் போய் விழும். விழுந்தது. நான்தான் விழ விட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன், வண்ணார்பேட்டையில் ஒரு லேப் வாசலில், கையில் அந்தக் காகிதத்தோடு நின்றேன். எண்ணிக்கை: இல்லை. ஒரு சைபர் போட்டிருந்தால்கூட அது ஒரு எண் என்று இருந்திருக்கும். இல்லை என்று எழுதியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பேச்சி என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள், இரண்டாக மடித்தாள், கைப்பைக்குள் போட்டாள். நான் சொன்னேன், "யார்ட்டயும் சொல்லாத பேச்சி." அவள், "சரி" என்றாள். ஒரே ஒரு சரி. ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. அப்பம் என்னை என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சியளா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதையே நான் ஆறு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவளே சம்மதித்தாள் என்று. சம்மதமா அது. வெயிலில் நின்றுகொண்டிருந்த ஒரு மனிதனைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு பெண் சொன்ன சொல். அதன்பேரில் நான் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், ஒவ்வொரு கோயில் கொடை விழாவிலும், பேச்சிக்குக் கருப்பையில் ஏதோ கோளாறாம், பேச்சிக்கு நீர்க்கட்டியாம், பேச்சி ஜாதகத்தில் என்னவோவாம். மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் மகள் சுபாவுக்குச் சுரண்டையில் வளைகாப்பு. பேச்சி கையில் கண்ணாடி வளையலோடு மேடைக்குப் போனாள். சண்முகக்கனி மதினி, அண்ணன் பெண்சாதி, சிரித்துக்கொண்டேதான், இவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, "நீ போயி பந்தியைப் பாரு பேச்சி, சாம்பார் வாளி காலியாக் கெடக்கு" என்றாள். பேச்சி வளையலைத் தட்டில் வைத்துவிட்டுப் போய் எண்பது பேருக்குச் சாம்பார் ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். அன்றைக்கு என் காதுபடவே பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள் அந்தச் சொல்லை. மலடி. அதற்கு ஆண்பால் இருக்கிறது, மலடன், தமிழ் வாத்தியார் எழுதிப் போட்டிருக்கிறார். ஆனால் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, சண்டையில்கூட. புத்தகத்தில் மட்டும் இருக்கிற சொல். தெருவுக்கு வராத சொல். சரி, நான் வருகிறேன் தெருவுக்கு. மலடன். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு ஒன்றும் அறுந்துவிடவில்லை. மலடன் முத்துமாலை. டோக்கன் பதினாறு என்று கூப்பிடுகிறார்கள். பதினேழுக்கு ஆள் இல்லை. அந்தச் சொல்லை அவளே சுமந்தது போதும் என்றுதான், காலையில் பேச்சி, "நானும் லீவு போட்டுட்டு வரட்டா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். "நீ வந்தா எல்லாரும் உன் வயித்தைத்தான் பாப்பாங்க. இன்னைக்கு என்னையப் பாக்கட்டும்." நன்றாகத்தான் இருந்தது அப்படிச் சொல்ல. பஸ்ஸில் வரும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். யாரென்றே தெரியாதவர்கள் முன்னால் நிமிர்வதற்கு என்ன செலவு.

"எய்யா தம்பி, நீங்களா?" என்று தோளுக்குப் பின்னால் குரல் கேட்டதும் என் கால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. சுருக்கென்று இழுத்தது. சண்முகக்கனி மதினி. ஒரு கையில் கூடை, மறு கையில் சுபாவின் முழங்கை. சுபாவுக்கு மறுபடி வயிறு, அஞ்சு மாதம் இருக்கும். "உக்காருங்க மதினி" என்று எழுந்தேன். சுபா, "சித்தப்பா, நீங்க இருங்க" என்றாள். மதினி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "பேச்சிக்கு ஸ்கேனா?" என்றாள். நெஞ்சு நிமிர்த்தி வந்தவன், மலடன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தவன், "ஆமா மதினி, ஸ்கேன்தான்" என்றேன். அந்த 'ஆமா' எங்கிருந்து வந்தது. தேடி எடுக்கவே வேண்டாம், அது மட்டும் கோடிக்கணக்கில் இருக்கிறது எனக்குள். "பாத்ரூம் போயிருக்காளோ? தண்ணி குடிக்கச் சொன்னாங்கன்னா அவளுக்குத் தாங்காது பாவம்" என்று மதினியே மிச்சத்தைச் செய்துகொண்டாள். பிறகு இன்னும் தணிந்த குரலில், "இன்னும் எத்தனை நாளைக்கு தம்பி அவளைப் போட்டு இப்பிடிப் பாடாப் படுத்துவிய? அவளுக்குத்தான் பாக்கியம் இல்லைன்னு ஆயிட்டுல்லா. உங்க அண்ணன்கூடச் சொல்லிக்கிட்டு இருந்தாவ, உங்களுக்கு என்ன வயசா ஆயிட்டு, ஆம்பளை" என்று ஆரம்பித்தாள். சுபா, "எம்மா, சும்மா இரி" என்றாள். "டோக்கன் பத்தொம்போது, முத்துமாலை" என்று கூப்பிட்டார்கள். மதினி, "ஏட்டி, உன் சித்தியக் கூப்புடு, பேரு கூப்புட்டாச்சு" என்றாள். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே வைத்துக்கொண்டாள். நான் அதைத் திருத்தாமல் நடந்தேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

உள்ளே ஏசி குளிர். பேன்ட்டை இறக்கிவிட்டு, பச்சைத் துணியால் மேல் பாதியை மூடி, இன்னொரு துணியைக் கீழே சுருட்டி வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னாள் நர்ஸ். டாக்டர் மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். மூலையில் ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி, கம்ப்யூட்டரில் தட்டத் தயாராக இருந்தாள். "ஜில்லுனு இருக்கும்" என்றார் டாக்டர். இருந்தது. பிறகு அந்தக் கருவி, சோப்புக்கட்டி அளவு, வழுக்கிக்கொண்டு போகிறது, நிற்கிறது, கொஞ்சம் அழுத்துகிறது, என் அடிவயிறு மேலே ஏறி நெஞ்சுக்குள் ஒளியப் பார்க்கிறது. டாக்டர் இங்கிலீஷில் நீளம் அகலம் சொல்லச் சொல்ல மூலையில் தட்டுகிற சத்தம். இடது பக்கம் சீக்கிரம் முடிந்தது. வலது பக்கம் வந்ததும் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டுகிற சத்தமும் நின்றது. வழுக்கல், நிறுத்தம், மறுபடி அதே இடம். மறுபடி. மறுபடி ஏன் அதே இடம். "முக்குங்க. இன்னும். விடுங்க." திரையில் சிவப்பும் நீலமும் பொட்டுப் பொட்டாக. ரத்தம் ஓடுவது. ஒரு இடத்தில் சிவப்பும் இல்லை நீலமும் இல்லை. அதைத்தான் பார்க்கிறாரா. அதுதான் அந்த வேறு ஏதுமா. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று மேலே வருகிறது, வெளியே உட்கார்ந்து மதினி காத்திருக்கிறாளே, வராத பேச்சிக்காக, பாத்ரூம் கதவைப் பார்த்துக்கொண்டு. இந்தத் திட்டு என்னவாகவும் இருக்கட்டும். அறுத்துப் போடச் சொன்னால் அறுத்துப் போடட்டும். செத்துப்போனாலும், இவர்கள் அன்றைக்கும் பேச்சியைப் பார்த்துத்தானே பேசுவார்கள், புள்ளையுமில்லை, புருஷனையும் முழுங்கிட்டா என்று. நான் செத்த பிறகுகூட அந்தச் 'சரி'யை அவள் காப்பாற்றிக்கொண்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று தேட வேண்டியதில்லாத கோபம். பச்சைத் துணிக்குக் கீழே கிடக்கிறவன் மேல்.

"போன தடவை ஒம்போது மில்லிமீட்டர் கருப்பா இருந்துச்சுல்ல?" என்றார் டாக்டர். தலையாட்டினேன். திரையை என் பக்கம் திருப்பினார். "இப்ப பாருங்க. சுருங்கி ஒரு கோடு மாதிரி ஆயிருச்சு. இது தழும்பு. கட்டியா இருந்தா இந்த மூணு மாசத்துல வளந்திருக்கும், உள்ள ரத்த ஓட்டமும் தெரியும். இதுல ரெண்டுமே இல்லை. இந்த வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு படிஞ்சது, காயம் ஆறுன இடத்துல அப்படி வரும். பயப்பட ஒண்ணுமில்லை." திரையில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், வறண்ட நிலத்தை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு பரப்பு, குறுக்கே நகக்கீறல் அளவு ஒரு கோடு. அதுதான். அதுவா மூன்று மாதமாக என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது. "ஆனா வலது பக்கம் அளவு கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. பத்து மில்லிலிட்டர் இருந்தது எட்டாயிருக்கு." "திரும்ப வருமா மேடம்?" "முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஹார்மோன் டெஸ்ட் இன்னொரு தடவை பாருங்க, பெரும்பாலும் அது ஏறி வந்துரும். மறுபடி ஆபரேஷன் பண்ணி எடுக்கலாமான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும்." டாக்டர் சொல்லட்டும். சொன்ன பிறகு நானும் பேச்சியும் சொல்வோம். இன்னொரு தடவை கீறுவது என்றால் எனக்கு மட்டும் கீறல் இல்லை, அவளுக்குப் பன்னிரண்டு நாள் ஊசி, அவளுக்கும் மயக்க மருந்து. அவள் போதும் என்றால் போதும். வேண்டும் என்றால் இந்த எட்டு மில்லியை இரண்டாகப் பிளந்துகொள்ளட்டும், நான் படுத்துக்கொடுக்கிறேன். அவளிடம் இதுவரை நான் கேட்டதே இல்லை. துடைத்துக்கொள்ள நர்ஸ் ஒரு கத்தைக் காகிதம் தந்தாள். பேன்ட்டை இழுத்து, பெல்ட்டைப் போட்டு, கதவைத் திறந்தேன்.

மதினி எழுந்தே விட்டாள். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பேச்சி எங்க? என்ன சொன்னாங்க அவளுக்கு?" கூடம் முழுக்க வயிறுகள், ஃபைல்கள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்தப் பெண். மதினிக்கு நேர் எதிரே போய் நின்றேன். கால் அகட்டித்தான் நின்றேன். "பேச்சி வரல மதினி. பள்ளிக்கூடத்துல இருக்கா. ஸ்கேன் எடுத்தது எனக்கு." மதினிக்குப் புரியவில்லை. "உங்களுக்கு என்ன, கல்லா?" என்றாள். "கல்லு இல்ல. எனக்கு உயிரணு கிடையாது. ஆறு வருசமா தெரியும். கீறி எடுத்துப் பாத்தோம், அந்தப் புண்ணு ஆறியிருக்கான்னு பாக்க வந்தேன். ஆறிட்டு. பேச்சிக்கு ஒரு கொறையும் கெடையாது, அன்னைக்கும் கெடையாது இன்னைக்கும் கெடையாது." மதினி என் கையைப் பிடித்தாள். "தம்பி, மெதுவாப் பேசுங்க, நாலு பேரு பாக்காங்க." "பாக்கட்டும் மதினி. நான் மெதுவாப் பேசிப் பேசித்தான் நீங்க அவளைப் பந்திக்கு அனுப்புனிய." அவள் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. அவளிடம் மட்டும் என்ன தப்பு, நான் ஊட்டியதைத்தான் அவள் ஆறு வருடமாக மென்றுகொண்டிருக்கிறாள். "அண்ணன்ட்டயும் சொல்லிருங்க. இல்ல, நீங்க சொல்லாண்டாம், ஞாயித்துக்கெழமை நானே வாரேன்" என்றேன். சுபா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து வந்து, தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "குடிங்க சித்தப்பா." வாங்கி இரண்டு மடக்குக் குடித்தேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேச்சிக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், பின்னால் பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். "என்னங்க சொன்னாங்க?" "தழும்புதான். வேற ஒண்ணுமில்லை." அவள் மூச்சு கேட்டது, நீளமாக, பிறகு இன்னொன்று நீளமாக. "ஏ பேச்சி, இன்னொண்ணு. மதினி வந்திருந்தாவ, சுபாவோட. நான் சொல்லிட்டேன்." "என்னத்த?" "எல்லாத்தையும்." வாய்ப்பாடு ஒன்பதெட்டு எழுபத்திரண்டு வரை போயிற்று. அவள் வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "யாரைக் கேட்டுச் சொன்னிய?" என்றாள். குரலில் கோபம். நான் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. "ஆறு வருசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு வச்சிருக்கேன். உங்க பாட்டுக்கு ஒரு நாள் போயி, ஒரு ஸ்கேன் சென்டர்ல வச்சு... எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? சொல்லாதன்னும் நீங்கதான், சொன்னதும் நீங்கதானா?" அவள் சொன்னது அத்தனையும் சரி. ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. "தப்புதான் பேச்சி" என்றேன். "கேட்டிருக்கணும்." போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அவள், குரலை வெகுவாகத் தணித்து, ஆனால் தணிவுக்குள் வேறு என்னவோ புரள, "நல்லா சத்தமாவா சொன்னிய?" என்றாள். "டோக்கன் குடுக்கிற பிள்ளை கண்ணாடியத் தொறந்து எட்டிப் பாத்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, இரண்டுமாகவும் இருக்கலாம். "மதினி மூஞ்சி எப்பிடிப் போச்சு?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "இப்ப வேண்டாம்" என்றாள் அவசரமாக, "இப்ப வேண்டாம், பிள்ளைய காத்துக்கிட்டு இருக்குதுவ. சாயங்காலம் வாரேன். வந்ததும் மொதல்லேருந்து சொல்லணும். ஒரு வார்த்தை விடக் கூடாது."